நிமிஷப் படம்

அருப்புக்கோட்டையில் பங்குனிப் பொங்கல் முடிந்து ராட்டினக்காரர்கள் மூட்டை கட்டிய மறுநாள் காலையில், பாலாமணி தறி வீட்டில் உட்கார்ந்து நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றினாள் என்று பேர்தான். ராட்டையை இரண்டு திருப்பு திருப்புவாள், நூல் அறுந்துவிடும். முடிச்சுப் போடுவாள், மறுபடி அறுந்துவிடும். நூல் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருந்த சண்டைக் காலம் அது. கிடைக்கிற கொஞ்சநஞ்ச நூலையும் இப்படித் துண்டு துண்டாக்கினால் எந்த மாமியார்தான் பார்த்துக்கொண்டிருப்பாள்?

"என்னடி, கைக்கு என்ன வந்துச்சு? காய்ச்சலா?" என்று வெங்கடம்மாள் அடுப்படியிலிருந்து கேட்டாள்.

"இல்லத்தை."

"பெறகு?"

"ஒண்ணுமில்லத்தை."

வீட்டுக்குள் அவர்கள் பேசிக்கொண்டது கன்னடம். வாசலுக்கு வெளியே கால் வைத்தால்தான் தமிழ். நாம் எல்லாவற்றையும் தமிழிலேயே கேட்டுக்கொள்வோம்.

ஒன்றுமில்லை என்று சொன்ன வாய் காய்ந்து கிடந்தது. விடிந்ததிலிருந்து அவள் கழுத்தில் கைவைத்து, தாலிக்கயிறு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபடியே இருந்தாள். குங்குமத்தை மேலும் மேலும் அப்பியதில் அது மூக்கில் உதிர்ந்து கிடந்தது. பயம் என்றால் அப்படி ஒரு பயம். பயத்துக்குக் காரணம் தறிக்குழிக்குள், பழைய துணிக்கு அடியில், உள்ளங்கை அகலக் காகிதமாகக் கிடந்தது.

அவள் புருஷன் ரங்கராஜ் பட்டாளத்தில் இருந்தான். வீரம் பொங்கிப் போனவன் இல்லை. தறி நின்றுபோய், கம்பங்கூழுக்கே திண்டாட்டமானபோது, மதுரையில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒருத்தரிடமும் சொல்லாமல் பஸ் ஏறியவன். இப்போது பர்மாவுக்கு இந்தப் பக்கம் ஏதோ மலையில் இருப்பதாகத் தகவல். போன மாசியில் எதிர்வாடை அப்பாசாமி வீட்டுக்குப் பட்டாளத்திலிருந்து தந்தி வந்தது. தந்திச் சேவகன் சைக்கிளைச் சாத்தும்போதே அந்த வீட்டு மருமகள் கத்திய கத்தல் தெருவில் எல்லாருடைய காதிலும் இன்னும் இருந்தது. அதற்கப்புறம் சைக்கிள் மணி கேட்டாலே பாலாமணிக்குக் கைவேலை ஓடாது.

இந்த நேரத்தில்தான் ரங்கராஜோடு ஒரே கூடாரத்தில் படுத்து எழுந்த நரிக்குடிக்காரன் சோணைமுத்து லீவில் வந்தான். வீட்டை விசாரித்து வந்து, கொடுத்த நீர்மோரைக் குடித்துவிட்டுச் சொன்னான்.

"அவன் நல்லாத்தான் இருக்கான், ஆத்தா. சோறுதான் எறங்க மாட்டேங்கு. மதினி மொகம் மறந்து போகுதாம். கண்ணை மூடினா பாதி மொகந்தான் வருதுங்கான். ஒரு படம் பிடிச்சுக் குடுத்து விடச் சொன்னான். எல்லாப் பயலும் சட்டப் பையில பொண்டாட்டி படம் வச்சிருக்கானுக. ராத்திரி எடுத்துப் பாத்துட்டுப் படுப்பானுக. இவன் மட்டும் வானத்தப் பாத்துக் கெடக்கான்."

"படமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் வெங்கடம்மாள். "படம் பிடிச்சா ஆயுசு குறையும். எங்க சின்னய்யா மதுரைக்குப் போயிப் படம் பிடிச்சாக. வருசம் திரும்பல, அந்தப் படத்துக்கே மாலை போட்டாச்சு."

"அப்படிப் பாத்தா பட்டாளத்துல ஒருத்தன் மிஞ்ச மாட்டான் ஆத்தா. சேக்கும்போதே எங்க எல்லாரையும் படம் பிடிச்சுத்தான் சேத்தாக."

அவன் சமாதானமாகத்தான் சொன்னான். வெங்கடம்மாளுக்கு முகம் செத்துப்போனது. தன் மகனையும் படம் பிடித்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சோணைமுத்து செருப்பை மாட்டிக்கொண்டே பாலாமணியிடம் தணிந்த குரலில், "வெள்ளிக்கிழம மத்தியானம் நரிக்குடி பஸ்ஸுல கெளம்பிருவேன் மதினி. திருச்சுழி வழியா வந்து இங்கனதான் வண்டி மாறுவேன். மனசிருந்தாப் பாருங்க" என்றான்.

மனசு இருந்தது. பொங்கலின் கடைசி நாள், கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, அரக்குச் சிவப்புக் கல்யாணச் சேலையைக் கட்டி, பெரிய குங்குமம் வைத்துக்கொண்டு படக்கூடாரத்துக்குப் போனாள். 'நிமிஷப் படம்' என்று தட்டியில் எழுதியிருந்தது. உள்ளே திரைச்சீலையில் மாடி வீடு, ரோஜாச்செடி, ஒரு கப்பல். கண்மாய் வறண்டு பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கிற ஊரில் கப்பலுக்கு முன்னால் உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ள அவ்வளவு கூட்டம். படக்காரர் ஜமால் மைதீன் இளையான்குடிப் பக்கத்து ஆள், ராவுத்தர். மூன்று கால் வைத்த மரப்பெட்டி ஒன்று. பெட்டியில் கறுப்புத் துணியில் சட்டைக்கை போல ஒரு கை தைத்திருந்தது.

"மூச்ச அடக்கு தாயி. கண்ண மூடாத."

அடக்கினாள். அவர் துணிக்கைக்குள் தன் கையை நுழைத்து, மாட்டுக்குப் பிரசவம் பார்க்கிறவர் போலத் துழாவி, ஒரு காகிதத்தை வெளியே எடுத்து, வாளித் தண்ணீரில் அலசிக் கயிற்றில் மாட்டினார். "இரு தாயி, இன்னும் வேலை இருக்கு" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடிகாரன் கூடாரக் கயிறு தடுக்கி விழுந்தான். அவர் அவனோடு மல்லுக்கட்ட வெளியே போனார். அதே சமயம் பாலாமணியின் தெருப் பெண்கள் இரண்டு பேர் கூடாரத்தைப் பார்த்து வந்துகொண்டிருந்தார்கள். காசு முன்னாலேயே கொடுத்தாயிற்று. ஈரக் காகிதத்தை உருவி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பின்பக்கமாக வந்துவிட்டாள்.

சந்துக்குள் நின்று எடுத்துப் பார்த்தாள். பார்த்த இடத்திலேயே குந்திவிட்டாள். அதில் வெள்ளைச் சேலை கட்டிய ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலைமுடி பஞ்சாக வெளுத்திருந்தது. குங்குமம் வைத்த இடத்தில் திருநீறு. முகம் கரி. கழுத்தில் தாலி இல்லை. உட்கார்ந்திருந்த விதமும், மடியில் கை கோத்திருந்த விதமும் மட்டும் பாலாமணி.

அந்தக் காகிதம்தான் தறிக்குழிக்குள் கிடந்தது. கிழித்துப் போடலாம் என்றால் கிழிப்பது யாரை? அடுப்பில் போடலாம் என்றால் நினைக்கவே உடம்பு கூசியது.

வெங்கடம்மாள் கூழ்க்கலயத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். மருமகளின் பார்வை தறிக்குழிக்குப் போவதும் வருவதுமாக இருந்ததைக் கவனித்துவிட்டாள். கலயத்தை வைத்த கை அப்படியே நின்றது.

"தந்தி வந்துச்சா?"

"அய்யோ, இல்லத்தை."

"எனக்குத் தெரியாம வாங்கி ஒளிச்சு வச்சிருக்கியா? சொல்லிருடி. அதுக்குள்ள என்ன கெடக்கு? நான் தாங்கிக்கிடுவேன், சொல்லு."

தாங்கிக்கொள்கிறவளின் குரலாக அது இல்லை. அவள் கலயத்துக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனைப் பெற்றவளை அந்தக் கோலத்தில் விட்டுவைக்கப் பாலாமணிக்கு மனம் வரவில்லை. குழிக்குள் இறங்கிக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

வெங்கடம்மாள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அவளுடைய வெள்ளைச் சேலைக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. ரங்கராஜுக்கு மீசை முளைக்கும் முன்பே அவன் அப்பா காலராவில் போய்விட்டார்.

"இது யாரு? நானா? என்னைய யாரு பிடிச்சா?"

பாலாமணி அழ ஆரம்பித்தாள்.

"நீயா?" என்றாள் வெங்கடம்மாள். பிறகு எழுந்து கதவைச் சாத்தினாள். "யாரும் பாத்தாகளா?"

"இல்லத்தை. நான்தான் அறிவு கெட்டுப்போய்... அவுக மொகம் மறந்து போகுதுன்னு சொன்னாகல்ல, அதான்."

திட்டுவாள், அடிப்பாள் என்றுதான் பாலாமணி எதிர்பார்த்தாள். வெங்கடம்மாள் திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

"பிடிச்சவன் எங்க?"

"திருச்சுழிக்குப் போயிட்டாகளாம். கோயிலுக்குப் பக்கத்துல கூடாரம் போடுவாகளாம்."

"முகத்தக் கழுவு. பிடிச்சவன்தான் இந்தத் தோசத்த எடுத்துவிடணும். அவன் என்ன சொன்னாலும் செய்வோம்."

அவர்கள் ஏறியது கரிப்புகையில் ஓடுகிற பஸ். பெட்ரோல் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டதால் வண்டியின் பின்னால் ஒரு பெரிய அடுப்பைக் கட்டிவிட்டிருந்தார்கள். மேடு வந்தால் வண்டி மூச்சு வாங்கும். கிளீனர் இறங்கி அடுப்பைக் கிண்டுவான். கரித்தூள் பறந்து எல்லார் முகத்திலும் ஒட்டும். பாலாமணி பக்கத்தில் இருந்தவளின் கறுத்த முகத்தைப் பார்த்துவிட்டு, அவசரமாகத் தன் முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். ரோட்டுக்கு இரண்டு பக்கமும் காய்ந்த பருத்திமாரைப் பிடுங்கிப்போட்ட கரிசல், வெயிலில் கண்ணைக் கூச வைத்துக்கொண்டு கிடந்தது.

முன்சீட்டில் வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு உட்கார்ந்திருந்த கிழவர், யாரும் கேட்காமலே சண்டைச் சேதி சொல்லிக்கொண்டு வந்தார். "ஜப்பான்காரன் மலைக்கு இங்கிட்டு எறங்கிட்டானாம். நம்ம ஆளுக கும்பல் கும்பலாச் சாகுதாகளாம். சொல்ல மாட்டான் வெள்ளக்காரன்."

"யோவ், வாய வச்சுக்கிட்டுச் சும்மா வாருமய்யா" என்றாள் வெங்கடம்மாள். கிழவர் திரும்பி அவளுடைய முகத்தைப் பார்த்தார். அப்புறம் திருச்சுழி வரைக்கும் வாய் திறக்கவில்லை. இறங்கும்போது நாலு பிஞ்சை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

கோயில் மதிலுக்கு அப்பால், வேப்பமரத்தடியில் கூடாரம் தெரிந்தது. வெள்ளிக்கிழமை உச்சி வெயிலில் ஒரு ஆளும் இல்லை. ஜமால் மைதீன் மரத்தடியில் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாலாமணியைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

"ஏந்தாயி, பாதி வேலையில தூக்கிட்டுப் போயிட்டியே. உன்னையத் தேடாத எடமில்ல."

"பாதி வேலைன்னா?" என்று வெங்கடம்மாள் முன்னால் வந்தாள். "எம்மருமக மஞ்சளும் குங்குமமுமா வந்து உக்காந்தா. நீரு தாலியறுத்தவளாக்கி அனுப்பிச்சிருக்கீரு. எம்மகன் சண்டையில நிக்கான். என்ன செஞ்சீரு? யாரு சொல்லிச் செஞ்சீரு?"

ராவுத்தருக்கு முதலில் விளங்கவில்லை. காகிதத்தை வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சேலை, வெள்ளை முடி, திருநீறு. இத்தனை வருஷமாகப் பெட்டிக்குள் பார்த்துப் பழகிய காகிதத்தை அன்றைக்குத்தான் அவர்கள் கண்ணால் பார்த்தார்.

"அல்லா" என்றார். "நடுங்கிப் போயிருப்பியே தாயி."

கூடாரத்துக்குள் போய் இரண்டு காகிதங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஒன்றில் கறுத்த முகமும் வெள்ளைக் கிராப்புமாக ஒரு ஆள் கறுப்பு வேட்டி கட்டியிருந்தான். இன்னொன்றில் அதே ஆள், அதே உட்கார்வு, வெள்ளை வேட்டியும் கறுத்த கிராப்புமாக இருந்தான்.

"இது கரு. இதத் திரும்பப் பெட்டிக்கு முன்னால வச்சுப் பிடிச்சாத்தான் படம். இதுல வெள்ளையா இருக்கதெல்லாம் அதுல கறுக்கும். கறுப்பெல்லாம் வெளுக்கும். சிவப்புச் சேலை இதுல வெள்ளையாத்தான் விழும். குங்குமமும் அப்படித்தான். உங்க மருமகளுக்கு ஒண்ணும் ஆகலம்மா."

வெங்கடம்மாள் இரண்டு காகிதங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பாலாமணிக்கு மூச்சு வந்தது. வந்த மூச்சோடு சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டாள். முந்தின நாளிலிருந்து நெஞ்சில் கிடந்த கல் நகர்ந்தது.

நகர்ந்த கல் முழுசாக இறங்கவில்லை. அவள் தன்னுடைய காகிதத்தை மறுபடி வாங்கிக் கழுத்துப் பக்கம் கூர்ந்து பார்த்தாள்.

"ராவுத்தரே, தாலி?"

அவரும் பார்த்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்சக் கயிறும் சிவப்புச் சேலையும் இந்தத் தாளுக்கு ஒரே நெறந்தான் தாயி. சேலையோட சேந்து கயிறும் கறுத்துப் போகும். தனியாத் தெரியாது."

"அப்ப அவுக கைக்குப் போற படத்துல தாலி இருக்காது."

"இருக்கும். தெரியாது."

"தெரியாட்டி இல்லாததுதான்" என்றாள் வெங்கடம்மாள். "தாலியில்லாத பொண்டாட்டிய நெஞ்சுல வச்சுக்கிட்டு எம்மகன் துப்பாக்கிக்கு முன்னால போகணுமா? வேற பிடியும்."

"பிடிக்கலாம். தாள் வேணுமே. சண்டையில சரக்கு வரமாட்டேங்கு. ஒரே ஒரு தாள் கெடக்கு. புதுசாப் பிடிச்சாக் கருவோட நின்னுரும், படத்துக்குத் தாளிருக்காது. இந்தக் கருவ வச்சுத்தான் ஒரு படம் போட முடியும்."

வடக்கே எங்கோ வண்டிச் சத்தம் மாதிரி கேட்டது. காற்றுதான். நரிக்குடி பஸ் எந்த நேரமும் வரலாம். சோணைமுத்து அதில் வருவான். அவன் போய்விட்டால் மலைக்குப் போகிற ஆள் வேறு யாரும் இல்லை.

ராவுத்தர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். "ஒரு வழி இருக்கு. கருவுல கறுப்பா ஒரு கோடு போட்டா, படத்துல அது வெள்ளைக் கோடா நிக்கும். மொகத்துல மச்சம், மீசை எல்லாம் நாங்க இப்படிச் சரி பண்ணுறதுதான்." பென்சிலைக் கழுத்துக்குக் கொண்டுபோனார்.

பாலாமணி வெடுக்கென்று காகிதத்தைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "நீங்க போடக் கூடாது."

அவருக்குச் சட்டென்று புரிந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு பென்சிலைப் பெட்டி மேல் வைத்தார். "தப்புத்தான் தாயி. அந்த நெனப்பே எனக்கு வரல. நீயே போடு."

"எனக்கு நானே கட்டிக்கிடவா?"

பென்சில் பெட்டி மேல் கிடந்தது. ரங்கராஜ் மலையில் இருந்தான். கட்ட வேண்டியவன் அவன். அவனுக்கு அடுத்தபடி முடிச்சுப் போடுகிற உரிமை நாத்தனாருக்கு. ரங்கராஜுக்குக் கூடப்பிறந்தவள் கிடையாது. பாலாமணி மாமியாரைப் பார்த்தாள். வெங்கடம்மாள் இரண்டு எட்டு பின்னால் போனாள்.

"என்னைய ஏன்டி பாக்குற?"

"நீங்க போடுங்கத்தை."

"புத்தி பேதலிச்சுப் போச்சா? இது அறுத்த கை. நான் தொட்டா வெளங்குமா? உன் கல்யாணத்தன்னிக்கே நான் பந்தலுக்கு வரல. அடுப்படியில உக்காந்து கொட்டுச் சத்தம் கேட்டதோட சரி. எம்மகன் கட்டுனதைக் கண்ணால பாத்தவளில்ல நான்."

"அதுக்குத்தான் சொல்றேன். இப்பப் பாருங்க."

"வேண்டாம்டி. என் கையால போட்டு அவனுக்கு ஒண்ணுன்னா நான் எப்படி உசுரோட இருப்பேன்?"

பாலாமணிக்கும் அந்தப் பயம் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். இருந்தும் அவள் பென்சிலை எடுத்தாள். மாமியாரின் கையைப் பிடித்து விரல்களை விரித்து அதற்குள் வைத்து மூடினாள்.

"ஒண்ணுன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். அவுகளப் பெத்த கை, அத்தை. அவுக கை இங்க இல்ல. இது இருக்கு."

தூரத்தில் பஸ்ஸின் ஊதல் கேட்டது. இந்தத் தடவை காற்று இல்லை. வெங்கடம்மாள் கிழக்கே பார்த்து நின்று, குலதெய்வம் சௌடேஸ்வரி ஆத்தாளைக் கூப்பிட்டாள். பெட்டி மேல் காகிதத்தை வைத்துக் குனிந்தாள். நெசவுக்காரியின் கை. முடி மாதிரி நூலைப் பிடித்துத் தறியின் விழுதில் கோக்கிற கை அன்றைக்கு ஒரு கோட்டுக்குத் திணறியது. ஒரு பக்கத் தோளிலிருந்து இறக்கினாள், நிறுத்தினாள், இன்னொரு தோளிலிருந்து இறக்கினாள். கோடு கோணியது. நடுவில் மூன்று புள்ளி அழுத்தி வைத்தாள். வைத்துவிட்டு, திரும்பி நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

ராவுத்தர் காகிதத்தைப் பெட்டிக்கு முன்னால் பலகையில் குத்தினார். மூடியைத் திறந்து மூடினார். துணிக்கைக்குள் கையை விட்டார். பெட்டியின் பின்னால் சிவப்புக் கண்ணாடி பதித்த சின்ன ஓட்டை ஒன்று இருந்தது.

"நீயே பாத்துக்க தாயி. நான் ஒளிக்கிறதுக்கு ஒண்ணுமில்ல."

பாலாமணி ஓட்டையில் கண்ணை வைத்தாள். சிவந்த இருட்டுக்குள் ஒரு தட்டு. தட்டில் திராவகம். அதில் வெறும் தாள், அவருடைய விரல் அதை மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தது. முதலில் ஒன்றும் இல்லை. பிறகு முடி கறுத்தது. நெற்றியில் ஒரு பொட்டு கறுத்தது. ஒரு கண் வந்தது, இன்னொரு கண் வந்தது. சேலை கறுக்க ஆரம்பித்தது. மடியிலிருந்து மேலே மேலே கறுத்துக்கொண்டு வந்தது. மாருக்கு வந்தது. கழுத்துக்குப் போயிற்று. எல்லாவற்றையும் மூடிவிடும் போலிருந்தது.

"பஸ்ஸு வந்துருச்சு" என்றாள் வெங்கடம்மாள், கண்ணைத் திறக்காமலே. "கறுத்துருச்சாடி?"

பாலாமணி ஓட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லுடி. கறுத்துருச்சா?"

"சேலை நல்லாக் கறுத்துருச்சு, அத்தை" என்றாள் பாலாமணி. "நீங்க போட்டது கறுக்கல."